நடு பேட்டரிதான் தெளிவு

ஜூன் 9, திங்கள்

கேமராவின் மெமரி கார்டு கம்ப்யூட்டரில் காப்பி ஆகிக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை நான் விழித்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கம்ப்யூட்டரை என் அறையில் கொண்டுவந்து வைத்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். மேசையில் மூன்று பேட்டரிகள், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. நடு பேட்டரிக்குக் குறி வைத்துப் படம் எடுக்க வேண்டும். நடு பேட்டரி தெளிவாக வந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ். முன்னால் இருப்பதோ பின்னால் இருப்பதோ தெளிவாக வந்தால் லென்ஸ் பொய் சொல்கிறது. அதைத் திருத்த கேமராவின் மெனுவுக்குள் ஒரு கோடு இருக்கிறது. நடுவில் பூஜ்யம். இந்தப் பக்கம் தள்ளினால் ஃபோகஸ் முன்னால் வரும், அந்தப் பக்கம் தள்ளினால் பின்னால் போகும்.

நான் விளக்கைப் பிடித்தேன். அப்பா எடுத்தார். கேமராவின் திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"பாத்தியா? முன்னாடி பேட்டரிதான் தெளிவா இருக்கு. நான்தான் சொன்னேனே, இந்த லென்ஸ் ஏமாத்துதுன்னு."

பார்த்தேன். நடு பேட்டரிதான் தெளிவாக இருந்தது. அதில் இருந்த பொடி எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது.

"என்ன, முன்னாடிதானே?"

"ஆமாம்பா."

ஏன் அப்படிச் சொன்னேன்? கை வலித்தது, பசி, நாளைக்குக் கணக்குத் தேர்வு — இதெல்லாம் காரணமே இல்லை. அப்பா அடிக்கிறவர் இல்லை. பேசாமல் இருப்பார். போன வருடம் நான் ஃபிளாஷைக் கீழே போட்டேன். அதற்குப் பிறகு பல நாள் ஒரே வீட்டில், ஒரே மேசையில், என் தட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் பேசினால் அம்மாவுக்குப் பதில் சொல்வார். அதற்கு அடியே மேல்.

அப்பா கோட்டைப் பின்பக்கம் நிறையத் தள்ளினார். "இப்ப அடங்குவான்" என்றார்.

ஜூன் 11, புதன்

அன்றைய சோதனைப் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடு பேட்டரிதான் தெளிவு. என் கண் சரி. லென்ஸும் சரி. அப்படியானால் —

தூக்கம் வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு பிறந்தநாள் விழாவில் அப்பாவுக்குப் படம் எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அப்பாவுக்கு உதவியாள். கறுப்புச் சட்டை, சத்தம் போடாத செருப்பு, கிளம்பும் முன் வயிறு நிறையச் சாப்பாடு. விழா வீட்டில் நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று நம்பிப் போகிறவன் பட்டினி கிடப்பான் என்பது அப்பாவின் சட்டம். இன்றும் யாரும் கூப்பிடவில்லை.

வீடியோ மாமாவும் வந்திருந்தார். மாமா என்றால் சொந்தம் இல்லை. அப்பா படம் எடுத்தால் அவர் வீடியோ எடுப்பார், எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இருவரும் ஜோடி. இடைவேளையில் அப்பாவின் கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். குழந்தை மங்கல். குழந்தைக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் மீசை முடி எண்ணுகிற அளவுக்குத் தெளிவு.

"என்னண்ணே, உங்க லென்ஸுக்குப் பின்னாடி நிக்கிறவங்க மேலதான் பாசம் போல."

அப்பா சிரிக்கவில்லை. கேமராவைப் பிடுங்கிக்கொண்டார். வரும் வழியில் பைக்கில், "லென்ஸ் இன்னும் அடங்கல" என்றார். என்னிடம் இல்லை, காற்றிடம்.

அந்தப் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். அதற்கு இன்னொரு முதல் பிறந்தநாள் வராது.

ஜூன் 18, புதன்

சர்வீஸ்காரரோடு சண்டை. அப்பா லென்ஸைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இன்று எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

"நான் ரெண்டு நாளா பாத்துட்டேன். லென்ஸ் தங்கம். ஒரு குறையும் இல்ல. தூசி மட்டும் துடைச்சு வச்சிருக்கேன்."

"அப்ப என் படம் ஏன் மங்கலா வருது?"

"அதை லென்ஸ்கிட்ட கேட்டா எப்படி? ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது. "நாலு ஸ்க்ரூ கழட்டத் தெரிஞ்சா போதும், எல்லாரும் டாக்டர்!" லென்ஸை எடுத்துப் பையில் வைத்தார். மூடியைப் போட மறந்துவிட்டார். அப்பாவா? லென்ஸ் மூடியை மறந்தவனைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்ளாதவர். நான் மூடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஜூன் 22, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மதியம் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு திருமண வரவேற்பு. பையைத் திறந்தேன். மெனு, அதற்குள் இன்னொரு மெனு, அந்தக் கோடு. பூஜ்யத்துக்குத் திருப்பினேன். இரண்டு தடவை தவறி வேறு மெனுவுக்குள் போய்விட்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் பையை மூடிவிட்டேன்.

எல்லாப் படமும் தெளிவாக வந்திருக்கிறது. மணப்பெண்ணின் இமை முடிகூட. அப்பா வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒன்றிரண்டைப் பார்த்தார். பிறகு ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

"பாத்தியா? நான் வச்ச அளவுதான் சரி. சர்வீஸ்காரன் சொன்னானாம் சர்வீஸ்காரன்."

சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

இன்னொரு லென்ஸுக்கும் அளவு வைத்துவிட்டார். "அவனை அடக்கின மாதிரி இவனையும் அடக்கணும்ல." மேசையில் மறுபடியும் மூன்று பேட்டரிகள்.

இனி நான் இரண்டையும் திருப்ப வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

அப்பா அளவு வைக்கிறார், நான் கலைக்கிறேன். வேலைக்கு முன்னால் திருத்தத்தைச் சரிபார்க்கிறேன் என்று அவர் கோட்டைத் தள்ளுகிறார். அவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் நான் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன். இதைப் போன்ற ஒரு வேலை உலகத்தில் வேறு யாருக்காவது இருக்குமா?

இன்று பையைத் துடைக்கும்போது இன்னொன்றைப் பார்த்தேன். கேமராவில் கண் வைக்கும் துளையின் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி இல்லாமலே உள்ளே தெளிவாகப் பார்ப்பதற்காக. அது கடைசிவரைக்கும் திருகியிருந்தது. அதற்கு மேல் போக இடமில்லை. நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் பார்ப்பது போல் இருந்தது.

அதை மட்டும் நான் தொடவில்லை. அது அப்பாவின் கண். அதை எப்படித் திருப்புவது?

ஜூலை 2, புதன்

"அப்பா, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?" சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா? பத்தாம் வகுப்பு வரைக்கும் எதுக்கு அனுப்பினேன்?"

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

வீடியோ மாமா புதுக் கேமராவோடு வந்தார். உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' வகை. முகத்தைப் பார்த்தவுடனே அதுவே கண்ணில் ஒரு பச்சைக் கட்டம் போட்டுவிடுகிறது. ஆள் நகர்ந்தால் கட்டமும் கூடவே நகர்கிறது. அம்மா பாத்திரம் கழுவும்போது மாமா அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். பச்சைக் கட்டம் அம்மாவின் கண்ணை விடாமல் துரத்தியது.

"நீங்களும் இதுக்கு மாறிடுங்கண்ணே. கண்ணை அதுவே புடிச்சுக்கும். நமக்கு வேலையே இல்ல."

"கண்ணைக் கேமரா புடிச்சா நான் எதுக்குடா? ஸ்டாண்டா?"

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா லென்ஸை மாத்தறேன். ரெண்டையும் கடையில போட்டுட்டு நல்லதா ஒண்ணு" என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறார், நாள் முழுக்க நின்றபடி. வீட்டிலும் உட்கார மறந்துவிடுவார். "இருக்கிற லென்ஸுக்கு என்ன கேடு? போன வாரம் படமெல்லாம் நல்லா வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நல்லா வருது. ஆனா தினமும் அளவு கலைஞ்சிடுது. நிலைக்க மாட்டேங்குது. அதான் லென்ஸ் தேய்ஞ்சுபோச்சுங்கறேன்."

கலைக்கிறது நான். என்னால் நல்ல லென்ஸை விற்கப் போகிறார். என் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் பள்ளியின் வகுப்புப் படங்கள் இந்த வருடமும் அப்பாவுக்கே. வியாழக்கிழமை. எல்லா வகுப்பும் ஒரே நாளில். வருடத்தில் பெரிய வேலை இதுதான்.

என் தோழிக்குப் பட்டப்பெயர் குச்சி. அவள் குதிக்கிறாள். "உங்கப்பாகிட்ட சொல்லி என்னைக் கொஞ்சம் குண்டா காட்டச் சொல்லுடி."

வியாழக்கிழமை நான் வகுப்பில் இருப்பேன். பையின் பக்கமே போக முடியாது. புதன் ராத்திரியே திருப்பிவிட வேண்டும். காலையில் அவர் தொடாமல் இருந்தால் போதும். தொடாமல் இருந்தால் போதும்.

ஜூலை 10, வியாழன்

தொட்டார். காலையில் நான் எழுந்து வந்தபோது மேசையில் மூன்று பேட்டரிகள் நின்றுகொண்டிருந்தன. அப்பா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பை ஏற்கெனவே தோளில்.

வராந்தாவுக்கு முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். எங்கள் வகுப்பு கடைசி. தலைமை ஆசிரியை நடுவில் உட்கார்ந்தார். நான் இரண்டாவது வரிசையில் ஓரம், பக்கத்தில் குச்சி. வெயில் போய்விட்டது, வராந்தா நிழலில் வெளிச்சம் கம்மி. இத்தனை வரிசைக்கு லென்ஸின் துளையை, அபெர்ச்சரை, சுருக்கி எடுத்தால் ஃபோகஸ் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். இந்த வெளிச்சத்தில் சுருக்க முடியாது. திறந்துதான் எடுப்பார்.

"ரெண்டாவது வரிசையில ஓரத்துல நிக்கிற பொண்ணு, கொஞ்சம் உள்ள வாம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"உன்னைத்தாம்மா. ஆமா, நீதான். இன்னும் கொஞ்சம்."

குச்சி என் இடுப்பில் இடித்தாள். "என்னடி, உங்கப்பா உன்னை யாரோ மாதிரி கூப்பிடறார்? என்னா பில்டப்பு!" பின்வரிசை முழுக்கச் சிரித்தது. தலைமை ஆசிரியைகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவருடைய வழக்கமான உத்தி. பெரிய கூட்டத்தில் யாராவது ஒருத்தர் கண் சிமிட்டி படத்தைக் கெடுப்பார்கள். அதனால், "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. நான் மூணு சொன்னதும் திறங்க" என்பார்.

எல்லாரும் மூடினார்கள். நான் மூடவில்லை.

அப்பா கேமராவிலிருந்து தலையை எடுத்தார். புறங்கையால் வலது கண்ணை அழுத்தித் தேய்த்தார். மறுபடி வைத்தார். எடுத்தார். முகத்தை நகர்த்தி இடது கண்ணை வைத்தார். எங்களில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

"ஒண்ணு... ரெண்டு..."

எனக்கு அப்போது ஓடிப்போய் அவர் முன்னால் நிற்க வேண்டும் போல் இருந்தது. அப்பா, நான்தாம்பா. அந்த ஓரத்துப் பொண்ணு நான்தாம்பா.

நான் அசையவில்லை. குழுப் படத்தில் அசையக் கூடாது.

இப்போது ராத்திரி. கார்டு காப்பி முடிந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். எல்லா வகுப்பிலும் முகங்கள் மங்கல். எங்களுக்குப் பின்னால் சுவரில் 'சத்தம் போடாதீர்கள்' என்று எழுதியிருக்கும். அது கண்ணாடி மாதிரி தெளிவு.

ஜூலை 11, வெள்ளி

சொல்லவில்லை. படங்கள் அப்படியே பிரிண்ட் போடும் லேபுக்குப் போய்விட்டன.

ஜூலை 12, சனி

லேபிலிருந்து போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சுவர் நல்லா வந்திருக்கு, பிள்ளைங்கதான் வரல. பிரிண்ட் போடவா, நிறுத்தவா?"

அப்பா போனை வைத்துவிட்டு என் அறைக்கு வந்தார். திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். நான் கதவருகே நின்றேன். என் வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

"அப்பா, லென்ஸ் சரியாத்தான் இருக்கு. இதுக்கு முன்னாடி நல்லா வந்ததெல்லாம் நான் பூஜ்யத்துக்குத் திருப்பினதால. ஒவ்வொரு தடவையும் நான்தான் திருப்பினேன். வியாழக்கிழமை மட்டும் முடியல."

இதைச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். மீதியை நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். என்ன ஒரு முட்டாள்.

"நீ கேமராவைத் தொட்டியா?"

"அப்பா —"

"அதான்! அதான் அளவு நிக்கல! நான் ஒண்ணு வைக்க, நீ ஒண்ணு வைக்க, அது குழம்பிப்போச்சு. நான் என்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன், தெரியுமா? லென்ஸை விக்கப் பாத்தேன். சர்வீஸ்காரன் வாயில விழுந்தேன். எல்லாம் உன்னால."

அம்மா ஓடிவந்தார். "அவ குழந்தைங்க."

"குழந்தையா? வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்."

அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஒன்று அதிகமாக இருந்தது. நிம்மதி. அதைப் பார்த்தபிறகு மீதியை நான் சொல்லவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பேச்சு நின்றுவிட்டது. கேமரா வைக்கும் பையைப் பூட்டிவிட்டார். சாவி சட்டைப் பையில். இன்றைய வேலைக்கு என்னைக் கூப்பிடாமலே போய்விட்டார்.

அப்பாவின் கண்ணைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "எனக்கும் சந்தேகம்தான். டாக்டர்கிட்ட போலாம்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். என் கண்ணுக்கு என்ன, உன் வாய்க்குத்தான் டாக்டர் வேணும்னாரு. பள்ளிக்கூடத்துல மறுபடி எடுத்துத் தர்றேன்னு கேட்டிருக்காரு. அந்த வேலை முடியட்டும். இப்ப இதைக் கிளப்பினா அதுவும் போயிடும்."

கொடியில் துணியைப் போட்டார். கிளிப் போட மறந்து துணி கீழே விழுந்தது. அதைப் பார்த்தபடி நின்றார், எடுக்கவில்லை. நான் எடுத்துப் போட்டேன்.

ஜூலை 16, புதன்

நாளைக்கு மறுபடியும் எல்லா வகுப்புக்கும் படம். தலைமை ஆசிரியை பெரிய மனது பண்ணி ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். கேமரா பூட்டிய பையில் இருக்கிறது. அப்பா வைத்த அளவு அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை.

கடவுளே, படம் தெளிவாக வரட்டும். தப்பெல்லாம் என் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும். வாழ்நாள் முழுக்க ஓணான் என்று கூப்பிடட்டும். நான் பார்த்ததெல்லாம் பொய்யாக இருக்கட்டும். நடு பேட்டரி தெளிவாக இல்லை, முன்னால் இருந்ததுதான் தெளிவு, என் கண்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று ஆகட்டும்.

ஜூலை 17, வியாழன்

நான் ஓரத்தில் நிற்கவில்லை. குச்சியை இழுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். யாரையும் உள்ளே வரச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரக் கூடாது.

அப்பா வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்தார். லேபுக்குப் போகவில்லை. நான் பள்ளியிலிருந்து வந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரை முழுக்க ஒரே ஒரு முகம், மங்கலாக. அம்புக்குறியை அழுத்தினார். இன்னொரு முகம். அதுவும் மங்கல். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. பக்கத்தில் தேநீர் ஆடை கட்டிப்போய் இருந்தது.

"பையை நீ தொடல" என்றார். கேள்வி இல்லை அது. "சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

தோளிலிருந்த புத்தகப் பையை இறக்கி வைத்தேன்.

அப்பா போன வாரத்துப் படத்தைத் திறந்தார். இரண்டாவது வரிசை. ஓரம். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். திரை முழுக்க என் முகம், நனைந்த காகிதத்தில் வரைந்தது மாதிரி. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார்.

"அன்னிக்கு ஓரத்துல ஒரு பொண்ணை உள்ள வரச் சொன்னேன்."

"ம்."

"எல்லாரும் சிரிச்சாங்க. ஏன்னு எனக்குத் தெரியல." விரலைத் திரையில் வைத்தார். "அது நீயா?"

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி — ஒரே நொடி — தோன்றியது.

"ஆமாம்பா."

அப்பா திரையை அணைத்தார். கருப்புத் திரையில் எங்கள் இருவரின் நிழலும் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

"பைக்கை எல்லாம் இனிமே மாமாவே ஓட்டட்டும்" என்றார். "உன்னைப் பின்னாடி உக்காரவச்சு ஓட்டிட்டு இருந்திருக்கேன்."

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை நாளும் நான் படங்களுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 19, சனி

வீடியோ மாமா தன் கேமராவில் எல்லா வகுப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்றாவது தடவை. குச்சிக்கு மட்டும்தான் அதில் சந்தோஷம். தலைமை ஆசிரியை அப்பாவுக்குப் போன் செய்து மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருடம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறார்களாம்.

அப்பா, "சரிங்க. நியாயம்தாங்க" என்றார். நின்றுகொண்டே பேசினார்.

ஜூலை 26, சனி

கண் டாக்டர். அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். எழுத்துப் பலகையில் அப்பாவுக்கு மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. அடுத்ததை ஊகித்துச் சொன்னார். தப்பு.

கனமான சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்.

"இது எப்படி இருக்கு?"

"இது கொஞ்சம் பின்னாடி புடிக்குது டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்றிருந்தார், தோள் குலுங்கியது. அது சிரிப்புதானா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

சர்க்கரை பல வருடமாக இருந்திருக்கிறது. வலது கண்ணின் நடுப்பார்வை போனது போனதுதான். ஓரத்தில் மட்டும் தெரியும். அது மேலும் போகாமல் இருக்க ஊசி. இடது கண்ணில் படலம். சர்க்கரை இறங்கினால் அறுவை செய்து எடுத்துவிடலாம், அதில் நன்றாகத் தெரியும் என்றார் டாக்டர். தெரியும் என்று அவர் சொன்னதை அம்மா இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

வெளியே வந்ததும் அப்பா மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்தார். "படி" என்றார். நான் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேலை இல்லை. எல்லாரும் மதியம் தூங்கினோம்.

ஆகஸ்ட் 20, புதன்

சர்க்கரை இன்னும் இறங்கவில்லை. அறுவை தள்ளிப்போகிறது. அம்மா இரண்டு ஷிஃப்ட் நிற்கிறார், கால் வீங்கியிருக்கிறது. அப்பா காலையில் நடக்கப் போகிறார், திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். வீடியோ மாமா தினமும் வந்து ஏதாவது திட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.

இன்று மாமா சொன்னார்: "ஒரு கண்ணு போதும்ணே. எந்த போட்டோகிராபர் ரெண்டு கண்ணையும் திறந்து எடுக்கறான்?"

அப்பா அவரைத் திட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கேமரா கடைக்குப் போனோம். அப்பா, வீடியோ மாமா, நான். இரண்டு லென்ஸையும் பழைய கேமராவையும் கொடுத்துவிட்டு வேறு ஒன்று எடுப்பது என்று முடிவு. கடைக்கார அம்மா நான்கு கேமராக்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து எல்லாவற்றின் பெருமையையும் மூச்சு விடாமல் சொன்னார். எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை படம், இருட்டில் எப்படி. அப்பா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். கண்ணில் வைக்கவே இல்லை. கட்டைவிரலால் பட்டன்களைத் தடவிப் பார்த்தார். எது எங்கே இருக்கிறது, எது மேடு, எது பள்ளம்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. ஃபோகஸ் புடிச்சா சத்தம் வருமா?"

"வரும் சார். ஆனா அதை எல்லாரும் ஆஃப் பண்ணத்தான் கேப்பாங்க. விழாவுல சத்தம் வந்தா நல்லா இருக்காதுல்ல."

"எனக்கு நல்லா கேக்கணும். கூட்டத்துல நின்னாலும் காதுல விழணும்." கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், அப்பாவைத் தெரிந்த ஒரு ஸ்டுடியோக்காரரும். "எனக்கு வலது கண்ணு போச்சும்மா. இடது பாதிதான். கண்ணை அது புடிச்சுடும்ங்கறாங்க. புடிச்சுடுச்சுன்னு எனக்கு யாராவது சொல்லணும்ல."

வீடியோ மாமாவுக்குத் திடீரென்று ஒரு டிரைபாடின் மேல் ரொம்ப ஆர்வம் வந்துவிட்டது. அதன் காலை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தார். கடைக்கார அம்மா மூன்று கேமராக்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் அப்பாவின் முன்னால் நகர்த்தினார். சத்தத்தை முழுவதும் கூட்டிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை வந்திருக்கிறது. மாமா பிடித்துக் கொடுத்தது. நானும் வர வேண்டுமாம். "வர்றியா?" என்று கேட்டார், "வா" என்று சொல்லவில்லை.

இப்போது எல்லாரும் தூங்கியிருக்க வேண்டிய நேரம். கூடத்திலிருந்து சத்தம் வருகிறது. பீப். கொஞ்ச நேரம் கழித்து, பீப். நாற்காலி, கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார் போல.

"என்னை எதுக்கு எடுக்கறீங்க? தலைகூட வாரல." அம்மாவின் குரல்.

"அசையாதே."

அமைதி. ரொம்ப நேரம் அமைதி. நான் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

பீப்.